ஏரிக்கரையில் ஒரே ஆள்

ஓவியருக்கு ஒரு தியான மண்டபத்திலிருந்து வேலை வந்திருந்தது. தனிமையைச் சொல்லும் படம் வேண்டும், பார்த்தால் மனசு அடங்க வேண்டும் என்றார்களாம். மனிதர் ஒரு மாதமாகப் பின்னறையே கதி என்று கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் "ம்", தூங்கக் கூப்பிட்டாலும் "ம்". அந்த "ம்" கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிற்று.

அவர் தூரிகை கழுவப் போன நேரம் பார்த்து அவள் உள்ளே நுழைந்தாள். சாம்பல் நிற மலை, அசையாத ஏரி, விடிந்தும் விடியாத வானம். கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, கட்டைவிரல் அளவில் வெறும் நிழலுருவாக ஓர் ஆள். ஒரே ஆள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டியிருக்கிறாள். மனிதர் நிம்மதியை வரைய உட்கார்ந்தால் அதில் அவளுக்கு இடமில்லையாம்! அழுகையைக் கோபம் முந்திக்கொண்டது. தட்டில் கிடந்த கறுப்புச் சாயத்தைக் கட்டைவிரலால் தொட்டு, அந்த ஆளுக்குப் பக்கத்தில் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"அடிப்பாவி, என்ன பண்ணிட்டே?" வாசலில் அவர்.

"உங்க ஏரிக்கரைக்கு நானும் வந்துட்டேன். தனியா நிக்கணும்னா வேற இடம் பாருங்க!"

"அந்த ஆள் நான்னா நினைச்சே?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

"இந்த வீட்ல தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?"

அவள் தோளைத் தொட்டாள். கை துடைக்கும் துண்டு அங்கேதான் இருந்தது.

"மலை வந்துச்சு, ஏரி வந்துச்சு, ஆள் மட்டும் வரவே இல்ல. கதவைத் திறந்தேன். நீ சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தே, பேச ஆளில்லாம." அவர் குரல் இறங்கியது. "பார்த்துட்டு, உன் பக்கத்துல வந்து நிக்காம, வரைய ஓடி வந்துட்டேன்."

அவள் கறைபட்ட படத்தைப் பார்த்தாள். "துடைச்சிடுங்க. நாளைக்கு மண்டபத்துக்காரங்க வர்றாங்க."

சாயம் ஈரமாகத்தான் இருந்தது. துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் போய்விடும். அவர் துணியை எடுத்தார், மேசையிலேயே போட்டார். மெல்லிய தூரிகையால் அந்தக் கறைக்கு ஒரு வழுக்கைத் தலையும் இரண்டு கால்களும் வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான். லேட்டா வந்திருக்கேன்."

"அப்போ அவங்களுக்கு?"

"வேற வரைஞ்சு தரேன். மலையும் ஏரியும் போதும், ஆளே வேணாம்."

அவள் துண்டை எடுத்து நீட்டினாள். "கையைத் துடைங்க. சாப்பாடு ஆறுது."

வாய்வரைக்கும் வந்த "ம்"மை விழுங்கிவிட்டு, "வா, சேர்ந்தே சாப்பிடுவோம்" என்றார்.