அணைந்துபோன போத்தல் விளக்கு

தம்பிராசாவுக்குத் தன் நிழல்மேலும் சந்தேகம். பண்டத்தரிப்பில் அவரோடு பங்குக் கிணறு வைத்திருந்த மைத்துனன் சீவரத்தினம் எப்படித்தான் அவரைச் சமாளித்தானோ!

தொண்ணூற்றிரண்டில் தண்ணீர் இறங்கி வெங்காயம் வாடியது. இருவரும் கிணற்றை இறைத்து, அடிக்கல்லை அலவாங்கால் உடைத்தார்கள். ஒருநாள் பின்னேரம் கல்லில் ஒரு வெடிப்பு விழ, சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் தண்ணீர் குமிழி குமிழியாய்க் கொப்பளித்தது.

"ஆரோ சவர்க்காரம் கரைச்சு ஊத்தியிருக்கிறாங்கள்" என்றார் தம்பிராசா. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் குளிக்கவே சவர்க்காரம் கிடைக்காத காலம் அது.

மறுநாள் காலை இறங்குமுன், வழக்கம்போல விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். தடைக்காலத்தில் எல்லா வீட்டிலும் எரிந்த ஜாம் போத்தல் விளக்குத்தான். பாதிக் கிணறு தாண்டியதும் அணைந்தது. மறுபடி கொளுத்தினார்கள். மறுபடியும் அணைந்தது.

"பாத்தியே, உவன் ஆழ்வாப்பிள்ளை வாத்தி கலப்பு எண்ணெய் வித்திருக்கிறான்! நீ இறங்கி வேலையைத் தொடங்கு. நான் உவனை ஒரு கை பாத்திட்டு வாறன்."

விஞ்ஞானம் படிப்பித்த ஆழ்வாப்பிள்ளை, சம்பளம் ஒழுங்காய் வராததால் வீட்டில் மண்ணெண்ணெய் விற்றார். தம்பிராசா கொண்டுவந்து நீட்டிய விளக்கை வாங்கிக் கொளுத்தினார். சுடர் நிமிர்ந்து எரிந்தது. ஏதோ கள்ள வேலை செய்கிறான் என்றே தம்பிராசாவுக்குப் பட்டது.

"எங்கை அணைஞ்சது?"

"கிணத்துக்கை." குமிழிக் கதையையும் சொன்னார்.

வாத்தியாரின் முகம் மாறியது. "எண்ணெயிலை பிழையில்லை, காத்திலைதான் பிழை. அடியிலை அமுக்கத்திலை காபனீரொட்சைட்டு, நாங்கள் வெளியிலை விடுற மூச்சிலை இருக்கிற வாயு, தண்ணியோடை கரைஞ்சு கிடந்திருக்கும். கல்லை உடைச்சு வழி விட்டதும் வாயுவாய் வெளிக்கிட்டிட்டுது. பாரமான வாயு, மேலை வராது, கிணத்துக்குள்ளையே தேங்கி நிக்கும். விளக்கு அணையிற இடத்திலை மனிசன் தப்பமாட்டான். ஆரும் இறங்கினவையே?"

தம்பிராசா படலைக்குப் பாய்ந்தார். நானேதானே அவனை இறங்கச் சொன்னேன்! சைக்கிளையும் மறந்து, தோட்டங்களுக்குள்ளால் விழுந்தடித்து ஓடினார்.

சீவரத்தினம் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தான். உடம்பில் ஒரு துளி ஈரமில்லை.

"நீ இறங்கேல்லையோ?"

"கோவியாதையுங்கோ அத்தான்" என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "விளக்கு அணைஞ்ச பிறகும் இறங்கு எண்டிட்டுப் போனியள். என்ரை பங்குக்காக என்னை முடிக்கப் பாக்கிறியளோ எண்டு ஒரு சந்தேகம்."

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், தன்னையும் ஒருவன் சந்தேகப்படுவான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல விம்மி அழுதார்.

சீவரத்தினம் அந்த அழுகையையும் நம்பவில்லை. மெல்லக் கையை விடுவித்து, கிணற்றடியைவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.