நாற்றமே இல்லாத காலை

ஆடிட் வருகிறது என்றால் போதும், அந்த இடத்துக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். பூமிக்கடியில் கொதிக்கும் நீராவியைப் பிடித்து மின்சாரமாக்கத் துளை போடும் தளம் அது. கோபுரம் போல் நிற்கும் இயந்திரத்துக்குப் பெயிண்ட் அடித்துத் தள்ளியிருந்தார்கள். ஆளுக்கொன்றாகச் சட்டையில் மாட்டியிருக்கும் விஷவாயுக் கருவிகளையெல்லாம் வாங்கித் துடைத்து, ஆபீஸ் மேஜையில் அடுக்கியாயிற்று. ஆடிட்டர்கள் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். இந்தப் புத்திசாலித்தனம் யாருடையது என்று கேட்டால், பாதுகாப்பு அதிகாரியுடையதேதான். ஆட்கள் அவரை ‘ஹெல்மெட்’ என்பார்கள். தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு.

அன்று ஹெல்மெட்டுக்கு மண்டையே ஓடவில்லை. ஏதோ சரியில்லை, எது என்றுதான் பிடிபடவில்லை. காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் துவண்டு தொங்கியது. காற்றடிக்காத நாளில் கிணற்றடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். இன்று அதைக் காணோம். தூண்களில் பொருத்திய சென்சார்களும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தன. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. மனைவியின் தம்பி, அவரே வேலைக்குச் சேர்த்துவிட்ட மச்சான், இயந்திரத்துக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி வால்வை முடுக்கிக்கொண்டிருந்தான். அந்த நாற்றத்துக்குக் காரணமான விஷவாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும்.

“ஏதாவது வாடை வருதா?” என்று வெல்டரிடம் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார். ஆடிட்டுக்குப் பயந்து அதுவும் ஓடிப்போச்சு போல.”

சைரன் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போன மாதம் ஒருமுறை அவசரப்பட்டு அழுத்தி, வேலை நின்று, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருந்தது. “இன்னொரு தடவை சும்மா அலறவிட்டா, நீங்களும் உங்க மச்சானும் சேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம்.”

மேனேஜர் பெரிய ஆடிட்டரோடு தள்ளி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூட வந்த ஆடிட்டர் அம்மா மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

“பெயிண்ட் வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும் மேடம், தப்பா நினைக்காதீங்க,” என்றார் ஹெல்மெட்.

“பெயிண்டா? முட்டை அழுகின நாத்தம்தான் அடிக்குது. கார்ல இருந்து இறங்கினதுமே குமட்டிச்சு. இங்க எப்பவும் இப்படித்தான் போலன்னு, மரியாதைக்குப் பேசாம இருந்தேன்.”

ஹெல்மெட் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பெயிண்ட் வாசனைகூட இல்லை. விளக்கைப் பார்த்தார், பச்சை. அந்த அம்மாளைப் பார்த்தார், கண்கள் கலங்கியிருந்தன. யாரை நம்புவது? விளக்கையா, இத்தனை வருஷம் கூடவே இருந்த தன் மூக்கையா, இப்போது வந்திறங்கிய மூக்கையா? அந்த மூக்கு புதுசு, அதற்கு என்ன தெரியும் என்று நினைத்தவருக்கு, அது புதுசாக இருப்பதுதான் விஷயம் என்று பட்டது. விடியற்காலையிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகச் சுவாசித்தே தங்கள் எல்லாருடைய மூக்கும் மரத்துப்போயிருந்தால்?

அவர் கை போகும் இடத்தைப் பார்த்துவிட்டு, மேனேஜர் தூரத்திலிருந்தே வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஹெல்மெட் அழுத்திவிட்டார்.

எல்லாரும் மேட்டுக்கு ஓடிவந்தார்கள். மச்சான் வரவில்லை.

சுவாசக் கவசம் மாட்டிய இரண்டு பேர் குழியில் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் ஹெல்மெட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “சார், சென்சார்ல பெயிண்ட் படக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, கண்ணாடி மாதிரி பாலிதீன் சுத்தி வச்சேன். அவுக்கச் சொல்லவே இல்லையே?”

விளக்கு எரிந்தது கரண்ட் இருந்ததால்தான். மூச்சுவிட வழியில்லாத கருவி எதை மோந்து பார்க்கும்?

மச்சானைத் தூக்கிவந்து கிடத்தி, ஆக்சிஜன் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். வெகுநேரம் கழித்து அவன் கண் திறந்தான். பார்வை இவர் முகத்தில் வந்து தடுமாறி நின்றது.

“அத்தான்... நீங்க எப்ப வந்தீங்க?”

காலையில் இருவரும் ஒரே ஜீப்பில், தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்பத்தான்டா,” என்றார். “இப்பத்தான் வந்தேன்.”