நான்கு பேரும் ஒரு ஃபலாஃபலும்

அந்த வீட்டில் யாரும் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். சட்டம் என்று யாரும் போட்டது கிடையாது. பொதுத் தட்டில் எது இருந்தாலும், எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருந்தாலும், கடைசியில் ஒன்று மிஞ்சும். அது கண்ணில் படாததுபோல் ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போவார்கள். அண்ணி வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருஷத்தில் அவரும் அப்படியே எழுந்து போகப் பழகிக்கொண்டார்.

சின்னவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பல் செட் செய்யும் கூடத்தில் ஆறு பேருக்கு அவள்தான் மேற்பார்வை. அங்கே அவள் சரியில்லை என்று சொன்னால் முழுப் பல்வரிசையையும் மறுபடி மெழுகில் வைத்து அமைக்கவேண்டும். வீட்டில் மட்டும் இன்னும் சின்னவள். அப்பா அம்மா போனபின் அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அண்ணன். அவர் தலையசைக்காமல் கல்யாணம் இல்லை என்று அவளே தனக்கு விதித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆளை அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிப்படாது" என்றார். இரண்டாவது ஆள் பேச்சு சுவாரசியத்தில் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டார். அதற்கும் "சரிப்படாது"தான். இரண்டு தடவையும் சின்னவள் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனாள்.

மூன்றாமவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பல்லின் விளிம்பைச் செதுக்க, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டுமென்று அவர் கடைக்குப் போனவள், அதன்பிறகு திருகு தளர்ந்துவிட்டது என்று மூன்று முறை போனாள். அதில் இரண்டு முறை தளர்த்தியது அவளேதான். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் எடுத்துத் திருகினார்.

வீட்டுக்கு அழைத்தால் வம்பு என்றுதான் மத்தியதரைக்கடல் உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேஜை சொல்லி வைத்தாள். தெரியாத சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்க அண்ணனுக்குக் கொஞ்ச நேரமாவது பிடிக்கும் என்பது அவள் கணக்கு. கண்ணாடிக்காரரிடம் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டாள்: "என்ன வேணா பேசுங்க. கடைசித் துண்டை மட்டும் தொட்டுடாதீங்க."

அண்ணன் லிஃப்ட் சோதனை செய்பவர். கம்பி, கதவு, பிரேக் எல்லாம் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் ஏற முடியும். மனிதர்களிடமும் அவருக்கு அதே வேலைதான். உட்கார்ந்ததும் மேஜையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரரிடம் திரும்பினார்.

"கடை எத்தனை வருஷமா, சார்?"

"பதினாலு வருஷமாங்க."

"கோபம் வருமா?"

"வரும். ஆனா கடையைத் திறந்து, பூட்டுறதுக்குள்ள போயிடும்."

அண்ணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

சின்னத் தட்டுகள் ஆறு வந்தன. சுட்ட பிட்டா ரொட்டி, அதைத் தொட்டுக்கொள்ள ஹம்மஸ், கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த ஃபலாஃபல் உருண்டைகள், திராட்சை இலையில் சுருட்டிய சோறு, வாட்டிய பாலாடைக்கட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ் காய். இதன்பின் முழு மீன் ஒன்று சுட்டு வரும் என்று பட்டியலில் இருந்தது. அண்ணன் சந்தேகத்தோடு ஃபலாஃபலைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் மாறியது. இன்னொன்று எடுத்தார். அப்புறம் கேள்வி கேட்பதையே மறந்துவிட்டார். நாலு பேரும் வெளுத்து வாங்கினார்கள். சின்னவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

கால்மணி நேரத்தில் எல்லாத் தட்டிலும் ஒவ்வொன்று மிஞ்சியது. ஒரு ஃபலாஃபல், ஒரு இலைச்சுருள், ஒரு பாலாடைக்கட்டித் துண்டு, ரொட்டியில் ஒரு மூலை, கிண்ணத்தடியில் ஒரு வாய் ஹம்மஸ், ஒரே ஒரு ஆலிவ்.

பரிமாறும் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "முடிச்சிட்டீங்களா, சார்?"

"இல்லம்மா, இன்னும் இருக்கு" என்றார் அண்ணன் மரியாதையாக.

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, பார்த்து, போனாள். பக்கத்து மேஜைக்கு மீன் வந்தது. தங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் மீன் வந்தது. அண்ணனுக்குப் பசி வந்தால் நெற்றி சுருங்கும். இப்போது நன்றாகவே சுருங்கியிருந்தது. மீன் தாமதமானதற்கும் சேர்த்து இந்த மனிதர் தலையில் "சரிப்படாது" விழப்போகிறது என்று சின்னவள் பயந்தாள்.

அண்ணன் கையைத் தூக்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "மீன் பிடிக்கவே ஆள் போயிருக்காங்களாம்மா?"

அவள் திகைத்தாள். "இல்ல சார். சின்னத் தட்டெல்லாம் காலியானாத்தான் மீனை நெருப்புல வைப்போம். இங்க அதுதான் வழக்கம். நீங்க நிதானமா சாப்பிடுறீங்கன்னு நினைச்சேன். இதை எடுத்துட்டுப் போயிடவா?"

"எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடுவீங்களா? வேணாம், சாப்பிட்டுடுறோம்."

சொல்லிவிட்டாரே தவிர யாருடைய கையும் நகரவில்லை.

"சார், நீங்க எடுத்துக்குங்க" என்றார் அண்ணன்.

"ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க எடுங்க" என்று கண்ணாடிக்காரர் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். ஃபலாஃபலை அவர் பார்த்த பார்வையில் அவருக்கு எவ்வளவு பசி என்பது தெரிந்தது.

"நாலாப் பிச்சுக்கலாமே" என்றார் அண்ணி.

"பிச்சா மட்டும்? கடைசிக் கால் துண்டை யார் எடுக்கிறது?" என்றார் அண்ணன். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டார்.

சின்னவள் அந்த மூன்று பேரையும் பார்த்தாள். வளர்ந்த மனிதர்கள், பசியோடு, ஒரு கடலை உருண்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து, எங்கிருந்தோ கோபம் வந்தது. தனக்கு வேண்டியதையெல்லாம் இப்படித்தான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றியது. கூடத்தில் ஆறு பேரை அதட்டுகிறவளுக்கு இங்கே வாயே திறக்கவில்லை.

கையை நீட்டி ஃபலாஃபலை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். இலைச்சுருளை எடுத்தாள், தின்றாள். கட்டித் துண்டையும் தின்றாள். ரொட்டி மூலையால் ஹம்மஸை வழித்துக் கிண்ணத்தைச் சுத்தமாக்கினாள். ஆலிவின் கொட்டையைத் துப்பித் தட்டோரம் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் இவரைக் கட்டிக்கப் போறேன். உங்ககிட்டக் கேக்கல, சொல்றேன்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, எதற்கென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணன் காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ரெண்டு பேரை வேணாம்னேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு தடவையும் சரிண்ணான்னுட்டு வேலைக்குப் போயிட்ட. நீ ஒரு சண்டையாவது போடுவேன்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். நீயே ஆசைப்படாத இடத்துக்கு உன்னை எப்படிம்மா அனுப்புறது?"

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அதுக்கும் நீ சரிண்ணான்னு சொல்லியிருப்ப."

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முயன்று தோற்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சின்னவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தாள். பரிமாறும் பெண் வந்து காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மீன் நெருப்பில் சீறும் சத்தம் கேட்டது.

வந்த மீன் மேஜையின் அகலத்துக்கு இருந்தது. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நடுவயிற்றில் முள்ளில்லாத பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, எதிரிலிருந்தவரின் தட்டில் வைத்தார்.

"ஆறிடப்போகுது, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார்.