கழுவிக் கொடுத்த சொல்

பெரு நாட்டுத் துறைமுகமான சிம்போத்தேயில் மீன்மாவு ஆலைகளின் நாற்றம் எல்லாருக்கும் பழகிவிடும். நோர்காவுக்கும் பழகியிருந்தது. பழகாமல் போனது அவள் ஆலையின் ஆம்பிளைகள்தான்.

ஒரே கம்பெனி, ஒரே வாசல், ஒரே சாப்பாட்டுக் கூடம். ஆனால் மீன் பிடிக்கிற படகுக்காரர்களும் அதை மாவாக்குகிற ஆலைக் கொட்டகைக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். புனித பேதுரு திருநாளில் சொரூபத்தைக் கடலுக்குத் தூக்கிப் போகையில், பல்லக்கின் முன்கட்டையை எந்தக் கூட்டம் தோளில் வைப்பது என்று தள்ளுமுள்ளு. பேதுரு தலைகுப்புற விழுந்தார், மூக்கு உடைந்தது. அன்றிலிருந்து கம்பெனியின் வயர்லெஸ்ஸில்கூட ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் எடுப்பதில்லை. கடைசியில் நோர்காவை 'இணைப்பாளர்' என்று உட்கார வைத்து, கடலுக்குள் நீளும் இறங்குபாலத்தின் நடுவே ஒரு தகரக் கொட்டகையும் போட்டுக் கொடுத்தார்கள்.

இணைப்பதாவது! இந்தப் பக்கத்து எச்சிலை அந்தப் பக்கம் சுமக்கிற வேலை. படகுகளின் தலைவர் கல்வேஸ் வாயைத் திறந்தால் சாக்கடை. கொட்டகையின் தலைவர் இஞ்சினியர் பாலோமினோ படித்தவர், அதனால் அதே சாக்கடையை மெதுவான குரலில் திறப்பார். நோர்கா இரண்டையும் கழுவித் துடைத்து, "அவங்க கொஞ்சம் சீக்கிரம் பண்ணச் சொல்றாங்க," "அவங்க கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க" என்று கொண்டு சேர்ப்பாள். அந்த ஆலையில் மீனைக்கூட யாரும் அவ்வளவு கழுவியதில்லை.

"அக்கா, இன்னைக்கு யாரு வாயைக் கழுவினீங்க?" என்று கேட்பான் வில்மேர். ஆலையில் மீன் கொட்டும் குழியைக் கழுவுகிறவன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். அங்கே அவளுக்குப் பிடித்திருந்த ஒரே ஆள்.

"உங்க இஞ்சினியர் வாயை. சோப்பு பத்தலடா."

அந்த வாரம் படகிலிருந்து மீனை உறிஞ்சும் ஆலைப் பம்பு கெட்டுப்போனது. நெத்திலி நிரம்பிய படகுகள் விரிகுடாவிலேயே வெயிலில் கிடந்தன. பம்பு சரியான காலையில் கல்வேஸ் வந்தார். வரும்போதே கத்தல்தான்.

"அந்த நாய்க்குப் பொறந்தவன்கிட்ட போய்ச் சொல்லு புள்ள! அவன் பம்பு லட்சணத்துல எம் மீனு அழுகிக் கொதிக்குது. குழிக்குள்ள எவனையாவது இறக்கினான்னா, அந்த ஆளோட பொண்டாட்டி கறுப்பு தைச்சுக்கட்டும்!"

விதவைக்குக் கறுப்பு உடை தைப்பது கல்வேஸின் வாயில் எப்போதும் ஓடுகிற வசவு. ஐஸ் வர நேரமானால் யாரோ பெண்டாட்டி கறுப்பு தைக்க வேண்டும். சூப்பில் உப்புக் கூடினாலும் தைக்க வேண்டும். நோர்கா வழக்கம்போல நாயை வெட்டினாள், பம்பின் லட்சணத்தை வெட்டினாள், கறுப்புத் துணியையும் வெட்டினாள்.

"மீன் கொஞ்சம் நாளானதாம், இஞ்சினியர். சீக்கிரம் எடுத்துக்கச் சொல்றாங்க."

"எடுத்துக்கிறேன்னு சொல்லும்மா," என்றார் பாலோமினோ, காதைக் குடைந்தபடியே.

மீன் குழாய் வழியாகக் குழிக்கு வந்தது. குழியின் வாயில் கட்டியாக அடைத்துக்கொண்டது. வில்மேரை மண்வெட்டியோடு இறக்கினார்கள். முகமூடிகள் அலமாரிக்குள், சாவி எவன் பையிலோ. அழுகிய மீனின் வாயு கத்துவதற்குக்கூட நேரம் கொடுக்காது. கயிறு போட்டு இழுத்தபோது உடம்புதான் வந்தது, வாய் நிறைய மீனோடு.

மறுநாள் நோர்கா தன் தகரக் கொட்டகைக்குப் போனாள். உள்ளே கல்வேஸும் பாலோமினோவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு செவிச்சே. எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனை ஒரே தட்டிலிருந்து இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"வாம்மா," என்றார் பாலோமினோ. "நாங்க பேசிட்டோம். வில்மேர் குடிச்சுட்டு வந்திருக்கான். யாரும் சொல்லாம அவனாவே இறங்கிட்டான்."

"படகுல இருந்து மீனு நல்லாத்தான் போச்சு," என்றார் கல்வேஸ், எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு. "நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல. சரியா புள்ள?"

"அவன் சம்சாரத்துக்கிட்ட நீ பக்குவமா எடுத்துச் சொல்லணும். அதுல ஒன்னை அடிச்சுக்க ஆளு கிடையாது," என்றார் பாலோமினோ.

நோர்கா வெளியே ஓடிப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தாள். அந்த இரண்டு வாய்களையும் இத்தனை காலம் கழுவிக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைவிட மோசம், கழுவியதில் எது போயிற்று என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

அடக்கத்துக்கு ஆலையே வந்தது. பெட்டியைத் தூக்குகிற நேரம். முன்கட்டையை வலப்பக்கம் கல்வேஸும் இடப்பக்கம் பாலோமினோவும் தோளில் வாங்கியிருந்தார்கள். பேதுருவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இப்போது சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். "ஒத்துமையா இருக்காங்க பாரு," என்று கூட்டத்தில் எவனோ உருகினான்.

வில்மேரின் மனைவி சோய்லா புதுக் கறுப்பு உடையில் நின்றாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. நோர்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்கக்கா. அவரு குடிக்கவே மாட்டாரே. நீங்க நடுவுல இருந்தவங்க. சொல்லுங்க."

பாலோமினோ தொண்டையைச் செருமினார். நோர்கா அவர் முகத்தையும் கல்வேஸின் முகத்தையும் பார்த்தாள். பிறகு உரக்கச் சொன்னாள். நாய்க்குப் பொறந்தவனை வெட்டவில்லை. பம்பின் லட்சணத்தையும் கொதித்த மீனையும் வெட்டவில்லை. இறங்குகிறவனின் பெண்டாட்டி கறுப்பு தைக்க வேண்டும் என்றதை, கல்வேஸ் கத்தியது போலவே கத்திச் சொன்னாள். செவிச்சேத் தட்டைச் சொன்னாள். கடைசியில், "நான் இதுல பாதியக்கூட இஞ்சினியர்கிட்ட சொல்லல. குழிக்குள்ள எவனையும் இறக்காதேங்கிறதையும் வசவுன்னு நெனச்சு வெட்டிட்டேன்," என்றாள்.



"கீழ வைங்க," என்றாள் சோய்லா அந்த இருவரிடம்.

பெட்டி மெல்ல இறங்கியது. அவர்கள் தோளை விலக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பின்வாங்கினார்கள். குழி கழுவுகிற ஆட்களில் ஒருவனும், வலை இழுக்கிற ஒருவனும் வந்து குனிந்தார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்து நோர்கா தானும் கையை நீட்டினாள்.

சோய்லா அந்தக் கையை எடுத்து, மெதுவாக ஓரமாக விட்டாள்.

"நீங்களும்தான்க்கா," என்றாள்.