டார் எஸ் சலாமிலிருந்து கோழியை ஏலம் கேட்ட கப்பித்தான்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எழுதச் சொன்னவர் தேயிலை வியாபாரி முவாகதோபே. எங்கள் ருங்வே மலையிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு, பிறந்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறினால் பிராணவாயு கொடுக்கும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். மூன்று லட்சம் ஷில்லிங் குறைகிறது. குறைந்ததற்குக் காரணம் நான். அதை முவாகதோபே தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு.

"போன ஞாயித்துக்கிழமை நடந்ததைக் கதையா எழுது. வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சபை முன்னால வாசி. அத்தனையும் நிஜம்னு சபை கை தூக்கினா பணம். இல்லேன்னா இல்ல. வருஷா வருஷம் என் கஞ்சத்தனத்தை மைக்கில கதையா சொல்லிச் சிரிக்க வெச்சியே அசாஜிலே, இப்ப உன் கதையை நீயே சொல்லு."

பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியின் நன்கொடைக் கடிதங்களை எழுதுகிறவன் நான். கண்ணீர் வரவழைப்பது கைவந்த கலை. என் கடிதங்களில் எப்போதும் மழை கொட்டும். (எங்கள் மலையில் நிஜமாகவே எப்போதும் மழை கொட்டும். அந்த ஒன்றில் மட்டும் நான் பொய் சொன்னதில்லை.)

2

முதல் தொடக்கம்:

பனி மூடிய வாழைத் தோட்டத்தில், கண்ணீர் மல்க, ஓர் இளம் தாய் தன் ஒரே கோழியை மார்போடு அணைத்தபடி

இதற்குமேல் போக முடியவில்லை. தலைமை மருத்துவச்சி சுபிலாகா அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"தும்பே எப்போடா அழுதா? கோழியைத் தலைகீழாத் தூக்கிட்டு வந்தா. அது எச்சம் போட்டுச்சுன்னு திட்டிட்டே வந்தா."

"கதைக்காக அக்கா."

"கதைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து நிக்கறே."

சரி, அடித்துவிட்டேன். தும்பே அழவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி. போன வருடம் அவளுடைய முதல் குழந்தை இங்கே பிறந்து, நீலம் பாரித்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மோட்டார் சைக்கிளிலேயே போய்விட்டது. இந்தப் பிரசவத்துக்குப் பிறகு சூப் வைத்துக் குடிக்க வளர்த்த கோழியைத்தான் இயந்திரத்துக்காக ஏலத்துக்குக் கொடுத்தாள். இதைக் கடிதத்தில் எழுதும்போது இன்னும் நான்கு வரி சேர்ப்பேன். இங்கே சேர்க்க மனம் வரவில்லை.

3

இனி ஏலம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவோம்; மைக் என் கையில். வாங்குகிறவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சட்டமில்லை. ஆனால் எடுத்துப்போக மாட்டார். பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப ஏலத்துக்கு விடுங்க" என்பார். தும்பேயின் கோழி இப்படி ஆறு முறை விலைபோய் ஆறு முறை திரும்பி வந்தது. ஏழாவது முறை முவாகதோபே இறங்கினார்.

"முப்பதாயிரம்."

அப்போதுதான் இந்தக் கதையின் முக்கியமான பாத்திரம் வருகிறார்: டார் எஸ் சலாம் துறைமுகத்தில் பணிபுரியும் கப்பித்தான், அதாவது கப்பல் தலைவர். உயரமானவர். தயாள குணம். எங்கள் ஊர்க்காரர், சிறுவயதிலேயே கடலோரம் போய்விட்டார். எழுத்தரான என்னைத் தொலைபேசியில் அழைத்து அங்கிருந்தே ஏலம் கேட்டார். நாற்பது. முவாகதோபே ஐம்பது. கப்பித்தான் எண்பது. இப்படியே ஏறி, இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு முவாகதோபே வந்ததும் கப்பித்தான் மூன்று லட்சம் என்றார். முவாகதோபே தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, நிதானமாகச் சொன்னார்:

"அவருக்கே குடுத்துடுங்க. கடல்ல கோழி கிடைக்காது பாவம்."

[பக்கக்குறிப்பு: கோழி இப்போது என் மேசைக் காலில் கட்டியிருக்கிறது. நன்கொடைப் படிவங்களின் மேல் முட்டை இட்டிருக்கிறது.]

4

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். சுபிலாகா அக்காவுக்கு அன்று இல்லை. ஏலம் நடந்தபோது அவர் உள்ளே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, கப்பித்தானின் மூன்று லட்சத்தையும் சேர்த்து நான் சொன்ன மொத்தத் தொகையைக் கேட்டவர், துள்ளாத குறையாக மரத்தடிக்குப் போய், டவுன் கடைக்காரரைக் கூப்பிட்டு இயந்திரத்தை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார். வரும் திங்கள்வரை வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வேறு யாருக்காவது போய்விடும். மறுநாள் என்னிடம் வந்தார்.

"கப்பித்தான் நம்பர் குடு. பணம் எப்ப வரும்னு நானே கேக்கறேன்."

"அவரு கப்பல்ல போயிட்டாருக்கா."

"எந்தக் கப்பல்?"

"பெரிய கப்பல்."

"அடப் பாவி! சர்ச் முற்றத்துல எந்தக் காலத்துலடா சிக்னல் இருந்துச்சு? ஃபோன் பேசணும்னா நாம எல்லாரும் அவகாடோ மரத்தடிக்குத்தானே ஓடறோம்?"

அவ்வளவுதான். என் கப்பித்தான் அங்கேயே மூழ்கிவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஏப்ரனின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "தும்பேகிட்ட மெஷின் வருதுன்னு சொல்லிட்டேன்டா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முற்றத்தில் நின்ற உங்கள் எல்லோருக்கும் சிக்னல் விஷயம் தெரியும். நான் செத்த தொலைபேசியைக் காதில் வைத்து "ஆமாங்க கப்பித்தான், சொல்லுங்க கப்பித்தான்" என்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கடைசி நிமிடம் முவாகதோபே இன்னும் ஒரு படி ஏறுவார் என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன். இதைச் சொல்லிப் பழியில் பங்கு கேட்கவில்லை. (கேட்கிறேன், கொஞ்சம்.)

5

முடிவுகள்.

முதலாவது: முவாகதோபே மனமுருகி நிபந்தனையை விட்டுவிடுகிறார். சுபிலாகா அக்கா இதைப் படித்து, "அவரை உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார்.

இரண்டாவது: வெளிநாட்டிலிருந்து தபாலில் காசோலை வருகிறது. இப்படி முடித்தே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

மூன்றாவது: என் இரண்டு மாதச் சம்பளத்தை நானே கட்டுகிறேன். நல்ல முடிவுதான். ஆனால் ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் கொடுத்தே மூன்று மாத

வேண்டாம். அது வேறு கதை.

"எல்லாம் எழுதிட்டே," என்றார் அக்கா. "ஏன் செஞ்சேன்னு எழுதலியே."

"எழுதியிருக்கேனே. இயந்திரத்துக்காக."

அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு வார்டுக்குப் போனார்.

6

கப்பித்தான் என்று யாருமில்லை. கோழியை ஏலம் கேட்டவன் நான். என்னிடம் மூன்று லட்சம் இல்லை, முப்பதாயிரமும் இல்லை.

இயந்திரத்துக்காகக் கேட்டேன் என்பதும் பொய். முதல் முறை நாற்பது என்றபோது வேண்டுமானால் இயந்திரம் நினைவில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு இல்லை. முவாகதோபேயின் முகம் சுண்டுவதைப் பார்க்க வேண்டும், நீங்கள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. தும்பே ஐந்தடி தள்ளி, வயிற்றில் கைவைத்து, ஒவ்வொரு தொகைக்கும் உதட்டை அசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அடுத்த தொகையைச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. தாளை மடித்துவிட்டு நிற்கப்போகிறேன். நிஜம் என்று படுகிறவர்கள் கை தூக்குங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: யாரும் அவசரப்பட வேண்டாம், எனக்காக ஒருவரும் தூக்க வேண்டாம். இரண்டாவது பெஞ்சில் தும்பே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.