ஐந்தாவது தட்டு

ஆம்பூரில் ஹலீமா பீ வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே கெசியா அந்த விண்ணப்பத்தை உறையோடு பையில் திணித்துக்கொண்டாள். அன்னெகே சிஸ்டர் எப்போது மனசு மாறுவாரோ, யார் கண்டது?

சிஸ்டர் ஹாலந்துக்காரர். முப்பது வருஷமாக வேலூர்ப் பக்கம் நர்ஸ்; கெசியா அவர் கூட வேலை செய்கிறவள். ஜெர்மன்காரன் அவர் நாட்டைப் பிடித்திருந்தபோது, அவருடைய அப்பா இரண்டு யூதப் பிள்ளைகளை வீட்டில் ஒளித்து வைத்திருந்தாராம். அதில் பிழைத்த ரோசா இப்போது இஸ்ரேலில் இருக்கிறாள். யூதரைக் காப்பாற்றியவர் என்று சிஸ்டரின் அப்பாவுக்கு மரியாதை செய்யச் சொல்லி, அங்கே ஒரு ஆபீசில் அவள்தான் மனுப் போட்டிருக்கிறாள். அந்த விண்ணப்பத்தில் சாட்சியாக சிஸ்டர் நாலு வரி எழுத வேண்டும். மூன்று மாதமாகக் காகிதத்தைத் தொடவே இல்லை.

பந்தியில் பிரியாணி வந்தது. ஒரு பெரிய தாம்பாளத்துக்கு நாலு பெண்கள். சிஸ்டர் மட்டும் கை வைக்கவில்லை.

"இன்னா சிஸ்டர், எங்க எச்சில்னு பாக்குறீங்களா?" ஹலீமா பீ சீண்டினாள். "தனித் தட்டு கொண்டாரட்டா?"

"வேணாம்!" பக்கத்துத் தாம்பாளத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் குரலைத் தணித்தார். "எங்க வீட்லயும் இப்டிதான். நாங்க மூணு பேரு, மூணு தட்டு. ரோசாவும் அவ அண்ணன் டேவிட்டும் எங்க தட்டுலயே சாப்புடுவாங்க. யாரு வந்து பாத்தாலும் மூணுதான் இருக்கணும்னு அம்மா கண்டிஷன்."

"அப்புறம்?" என்றாள் ஹலீமா பீ.

"என் பொறந்த நாளு. ஏழு வயசு. ஆளுக்கொரு தட்டுன்னு அஞ்சு வச்சேன். போலீஸ் நாயோட வந்துது. பசங்க ஒளிஞ்சிட்டாங்க. தட்ட யாரும் எடுக்கல. போலீஸ்காரன் எண்ணிட்டான். அப்பாவுக்குத் தோல் பதனிடற ஷாப். ரோசா ஈரத் தோலுக்கு அடில கெடந்தா, அந்த நாத்தத்துல நாய் கிட்ட போகல. டேவிட் மாட்டிக்கினான். திரும்பி வரல."

ஹலீமா பீ ஒரு கறித்துண்டை சிஸ்டர் பக்கம் தள்ளினாள்.

"ரோசாவுக்கு இது தெரியுமா?" என்றாள் கெசியா.

"யாரோ காட்டிக் குடுத்தாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கா."

"அத வுட்டுட்டு மிச்சத்த எழுதுங்க சிஸ்டர். அப்பா பேராவது நிக்கும்."

சிஸ்டர் தாம்பாளத்தில் கை வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் விண்ணப்பத்தையும் பேனாவையும் கேட்டார். பள்ளிகொண்டா தாண்டியும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பாஷை கெசியாவுக்குப் புரியாது. மேலே ரோசாவின் பெயரும், நடுவில் 5 என்ற எண்ணும் மட்டும் தெரிந்தன.

"ஆபீசுக்குப் போற பேப்பராச்சே சிஸ்டர்?"

"மொதல்ல அவ படிக்கட்டும். அப்பறம் அனுப்புறதும் கிழிக்கிறதும் அவ இஷ்டம்."

கெசியா உறையில் எழுதியிருந்த ஆபீஸ் விலாசத்தை அடித்துவிட்டு, ரோசாவின் விலாசத்தைக் கேட்டாள். சிஸ்டர் எதையும் பார்க்காமலே சொன்னார்.