ஹைரம் பெல்ட்டனின் மனைவி

கிளிநொச்சி நீதிமன்றத்தில் வழக்காடிய அருந்தவன் இப்போது பிளாக்டவுனில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். அகதியாகப் படகில் இந்த வெளிநாட்டுக்கு வந்தவன். மனைவி கஜந்தியும் மகள் வர்ஷாவும் ஊரில்தான். நிரந்தர விசா போன வருடம் கிடைத்தது. அவர்களை அழைக்கப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் விரும்பிய ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து ஹைரம் பெல்ட்டனைத் தேர்ந்தான். அடிமை முறை இருந்த காலத்து அமெரிக்க வழக்கறிஞர். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியவர். தப்பி வந்த ஓர் அடிமைப் பெண்ணுக்காக வாதாடி வென்றவர். பிறகு தேர்தலில் நின்று சட்டசபைக்கும் போனார்.

அதைக் கஜந்திக்குப் போனில் பேசிக்காட்டினான்.

"அவர் இப்பிடித் திரிய, மனிசி எங்க இருந்தவ?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் வாசிக்கேல்லை. பாத்துச் சொல்லுறன்."

வாசித்தான். மனைவி மார்த்தா பண்ணையிலேயே இருந்திருக்கிறாள். சட்டசபை கூடிய ஒரு பனிக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல். செய்தி கிடைத்துப் பனியைக் கடந்து பெல்ட்டன் வந்து சேருமுன் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை.

மறுநாள் கஜந்தி மறக்காமல் கேட்டாள்.

"அவவையும் தலைநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அங்க வீடெடுத்து இருந்தவையாம்" என்றான்.

"அது நல்லது."

வகுப்பில், அந்த அடிமைப் பெண்ணின் வழக்கைச் சொல்லும்போது அவனுடைய பழைய குரல் திரும்பி வந்தது. ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பனி மூடிய பாதைக்கு வந்ததும் கையிலிருந்த குறிப்பை மடித்துவிட்டான். "அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது" என்று ஆங்கிலத்தில் ஒருவாறு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த ஈரானியப் பெண் தன் தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஸ்டேஷனில் நின்று கஜந்திக்குப் போன் எடுத்தான்.

"நல்லாப் பேசினீங்களே?"

"ஓம். ஆனா அந்த மனிசியின்ர கதை…"

"தெரியும். வர்ஷா அண்டைக்கே போனில தேடி வாசிச்சுக் காட்டினவள். நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

ரயில் வந்து கதவுகள் திறந்தன; போனைக் காதோடு பிடித்தபடி ஏறினான்.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள், "வீடு பாக்கேக்க சமைக்கிற குசினிக்கு ஒரு பெரிய யன்னல் இருக்கிறதாப் பாருங்கோ."

"ஓம், பாக்கிறன்."

வென்ட்வேர்த்வில்லில் இறங்கியவன் தன் அறைக்குப் போகும் தெருவில் திரும்பவில்லை. வாடகைக்கென்று பலகை தொங்கிய வீடுகளின் முன்னால் நின்று நின்று, யன்னல்களைப் பார்த்தபடி நடந்தான்.